போடத் தெரியும், எடுக்கத் தெரியுமா?

எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஏதாவது ஓர் அலுவலகத்தில், இந்த வரிகள் படிக்கப்படும் நேரத்தில், ஒரு பொறியாளர் கருப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து மூன்று சொற்களையும் ஒரு பெயரையும் தட்டிக்கொண்டிருப்பார். சூடோ ஆப்ட் இன்ஸ்டால், அதன் பிறகு வேண்டிய சாஃப்ட்வேரின் பெயர். திரையில் மளமளவென்று பத்துப் பதினைந்து வரிகள் ஓடும். கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: தொடரலாமா? ஆம் என்பதற்கு ஒய், இல்லை என்பதற்கு என். ஒய் பெரிய எழுத்தில் இருக்கும், என் சிறிய எழுத்தில். ஒன்றும் சொல்லாமல் என்டர் விசையைத் தட்டினாலே ஆம் என்று எடுத்துக்கொள்வேன் என்பதற்கு அது அடையாளம். பொறியாளர் என்டரைத் தட்டுவார். மேலே ஓடிய பதினைந்து வரிகளை அவர் படித்திருக்க மாட்டார்.

அந்த வரிகளில் என்னதான் இருக்கிறது? புதிதாக எவையெல்லாம் வரப்போகின்றன, எத்தனை மெகாபைட் இறக்க வேண்டும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் போகும் என்ற விவரங்கள். இவற்றோடு சில சமயம் இன்னொரு பட்டியலும் இருக்கும். எவையெல்லாம் நீக்கப்படப் போகின்றன என்ற பட்டியல். ஒன்றைப் போடச் சொன்னால் இன்னொன்று ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்தான் இந்தக் கருவியைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார். போடுவதற்கு மட்டும் என்றால் இத்தனை ஏற்பாடு தேவையே இல்லை. எடுப்பதற்காகத்தான் இந்தக் கணக்கு வழக்கெல்லாம்.

கணக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. யூனிக்ஸ் ரகக் கம்ப்யூட்டர்களில் ஒரு சாஃப்ட்வேரைப் போட, அதன் மூல நிரலை வாங்கி, மூட்டையைப் பிரித்து, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று மந்திரங்களைச் சொல்ல வேண்டும். நேரம் பிடித்தாலும் வேலை நடந்துவிடும். சிக்கல் ஆறு மாதம் கழித்து அது வேண்டாம் என்று தோன்றும்போது ஆரம்பிக்கும். வந்தபோது அது எத்தனை கோப்புகளை எந்தெந்த அடைவில் போட்டது என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துவிட்டுப் போனவர் மாதிரிதான். ஆள் காலி செய்த பிறகும் கூடத்தில் ஓர் ஆணி, கொல்லையில் ஓர் அண்டா, பரணில் ஒரு பெட்டி. எது அவருடையது, எது வீட்டுக்காரருடையது என்று யாருக்கும் தெரியாது. தவறான அண்டாவைத் தூக்கிப் போட்டால் மறுநாள் வெந்நீர் இல்லை.

1993 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்காவில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. இதற்குள் டிபிகேஜி என்ற சிறு நிரல் உருவானது. 1994ல் இயன் ஜாக்சன் அதை சி மொழியில் திருத்தி எழுதினார். இதன் வேலை ஏறக்குறைய ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஒரு சாஃப்ட்வேர் உள்ளே வரும்போது அது கொண்டுவரும் ஒவ்வொரு கோப்பையும், அது வைக்கப்படும் இடத்தையும் பேரேட்டில் எழுதிவைக்கும். இந்தக் கோப்பு யாருடையது என்று பின்னால் கேட்டால் சொல்லும். இந்தச் சாஃப்ட்வேர் என்னென்ன கொண்டுவந்தது என்று கேட்டால் பட்டியல் கொடுக்கும். வெளியே போ என்றால், கணக்குப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லும். ரெட் ஹாட் நிறுவனம் 1995ல் கொண்டுவந்த ஆர்பிஎம்முக்கும் இதே வேலைதான்.

உள்ளே வரும் அந்த மூட்டைக்கு ஆங்கிலத்தில் பேக்கேஜ் என்று பெயர். தமிழில் தொகுப்பு என்றும் பொதி என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பு நினைவுக்கு வருகிறது. பொதி என்றால் கழுதை. மளிகைக் கடைக்காரர் தினமும் புழங்குகிற பொட்டலம் என்ற சொல் ஏனோ யாருக்கும் பிடிக்கவில்லை. கட்டியவர் ஒருவர், பிரிப்பவர் ஒருவர், உள்ளே இருப்பது என்ன என்று மேலே எழுதியிருக்க வேண்டும் என்ற மூன்று பொருளும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. இந்தக் கட்டுரைக்குப் பொட்டலமே போதும்.

பெங்களூருக்குப் பொட்டலங்கள் வந்து சேர்ந்த வழி கம்பி வழி அல்ல, தபால் வழி. இந்தியாவில் பொதுமக்களுக்கான இன்டர்நெட்டை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தொலைபேசி இணைப்பில் இயங்கும் மோடம்தான் வாசல். நொடிக்கு 28.8 கிலோபிட் வேக மோடம் ஒருமுறைகூட அறுபடாமல் முழு வேகத்தில் ஓடினாலும், 600 மெகாபைட் உள்ள ஒரு சி.டி.யின் சரக்கை இறக்கச் சுமார் இரண்டு நாள் ஆகும். அறுபடாமல் ஓடுவது என்பது அந்நாளில் யாரும் எதிர்பார்த்த ஒன்றல்ல. இந்த நிலையில் 1996ல் பிசி குவெஸ்ட் பத்திரிகை தன் இதழோடு லினக்ஸ் சி.டி. ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. அதில் இருந்தது ஸ்லாக்வேர். பத்திரிகையின் ஆலோசக ஆசிரியராக இருந்து இதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பெங்களூர்வாசி அதுல் சிட்னிஸ். இன்டர்நெட் வருவதற்கு முன்பே, 1989ல், தொலைபேசி வழியே கம்ப்யூட்டர்களை இணைக்கும் சிக்ஸ் என்ற தகவல் பலகையை இந்த ஊரில் நடத்தியவர் அவர். புத்தகக் கடையில் பத்திரிகை வாங்கினால் ஓர் இயங்குதளமே கைக்கு வரும் என்பது அன்றைய மாணவனுக்குச் சாதாரண விஷயமல்ல.

ஸ்லாக்வேரில் பொட்டலம் உண்டு, ஆனால் சார்புக் கணக்கு கிடையாது. அதாவது ஒரு பொட்டலம் வேலை செய்ய வேறு எந்தெந்தப் பொட்டலங்கள் வேண்டும் என்று அது பார்க்காது. அரிசி வாங்கினால் அடுப்பு இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்க மாட்டார் அல்லவா, அதுபோல. ஆர்பிஎம் கேட்கும், ஆனால் கேட்பதோடு சரி. அது இல்லை, இது இல்லை என்று பட்டியல் போட்டுவிட்டு நின்றுவிடும். அவற்றைத் தேடிப் போனால் அவை இன்னும் நான்கைக் கேட்கும். லினக்ஸ்காரர்கள் இதற்குச் சார்பு நரகம் என்று பெயர் வைத்தார்கள். சி.டி.யில் இல்லாத ஒரு சிறு நூலகக் கோப்புக்காகப் பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போவது அந்தக் காலத்தில் சகஜம்.

1998ல் வெளியாகி 1999 மார்ச்சில் டெபியன் 2.1ல் இடம்பெற்ற ஆப்ட்தான் இந்த நரகத்திலிருந்து படி போட்டது. டிபிகேஜி கணக்குப்பிள்ளை என்றால் ஆப்ட் கொள்முதல் ஆள். எங்கே என்ன கிடைக்கும் என்ற விலைப்பட்டியல் மாதிரி ஒன்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒன்றைக் கேட்டால் அதற்கு வேண்டியவை, அவற்றுக்கு வேண்டியவை என்று கடைசி வரை தேடி, எல்லாவற்றையும் இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். 2007ல் வந்த டெபியன் 4.0 முதல், வந்த சரக்கு டெபியனிடமிருந்துதான் வந்ததா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் அதன் வேலையானது. ஆப்ட்-கெட் மூ என்று தட்டினால் எழுத்துகளாலேயே ஒரு பசுமாட்டை வரைந்து, இன்று நீ அம்மா என்று கத்தினாயா என்று விசாரிக்கவும் செய்யும். மாட்டுப் பொங்கல் அறியாதவர்கள் எழுதிய நிரல்தான். இருந்தாலும் மாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஐ.டி. நிறுவனக்காரர்களின் சமாசாரம் என்று தமிழ்நாட்டு வாசகர் ஒதுங்க வேண்டியதில்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் அப்படி ஒன்று இன்னும் உயிரோடு இருந்தால், அதற்குள்ளும் இதே கணக்குப்பிள்ளையும் கொள்முதல் ஆளும் உட்கார்ந்திருக்கிறார்கள். டெபியனின் நிறுவும் நிரல் தமிழிலேயே கேள்வி கேட்கும் வசதியும் உண்டு.

போடுவதற்குச் சொல் ஒன்றுதான், இன்ஸ்டால். எடுப்பதற்கு மூன்று. இந்த மூன்றின் வேறுபாடு தெரியாமல்தான் பலரும் வதைபடுகிறார்கள்.

ரிமூவ் என்றால் சாஃப்ட்வேர் போய்விடும், ஆனால் அதன் அமைப்புக் கோப்புகள், அதாவது அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்காக எழுதிவைத்த குறிப்புகள், இடிசி அடைவில் அப்படியே இருக்கும். டிபிகேஜியின் பட்டியலில் அந்தப் பெயருக்கு முன் ஆர்சி என்று இரண்டெழுத்து வந்து நிற்கும். ஆள் போய்விட்டார், பெட்டி இருக்கிறது என்று பொருள். இது குறையல்ல, கருணை. நாளை மனம் மாறித் திரும்பப் போட்டால் பழைய அமைப்பு அப்படியே கிடைக்கும். ஒரு சர்வரின் அமைப்புக் கோப்பைச் சரிசெய்ய மூன்று நாள் செலவழித்தவருக்கு இதன் அருமை தெரியும். கெட்டுப்போன அமைப்பைத் தொலைக்கத்தான் ரிமூவ் செய்து மறுபடி போட்டேன், அதே கோளாறு வருகிறது என்று தலையில் அடித்துக்கொள்பவருக்குத் தெரியாது. அவருக்கு வேண்டியது பர்ஜ். அந்தச் சொல்லின் மருத்துவப் பொருள் பேதிக்குக் கொடுப்பது. பெயருக்கேற்ப உள்ளே தங்கிய அமைப்புக் கோப்புகளையும் அது வெளியேற்றும். டேட்டாபேஸ் பொட்டலங்களில் சில, பர்ஜ் செய்யும்போது தரவையும் அழிக்கட்டுமா என்று தனியாகக் கேட்கும். அந்தக் கேள்விக்கும் என்டர் தட்டிப் பழகியவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பயம். பயனாளரின் சொந்த அடைவில் அந்தச் சாஃப்ட்வேர் எழுதிவைத்தவற்றை மட்டும் ரிமூவும் தொடாது, பர்ஜும் தொடாது. அது வீட்டுக்காரரின் அறை.

மூன்றாவது ஆட்டோரிமூவ். இதைப் புரிந்துகொள்ளக் கல்யாண வீட்டை நினைத்தால் போதும். அழைப்பிதழ் கொடுத்து வந்தவர்கள் சிலர், அவர்களோடு கூட வந்தவர்கள் பலர். ஆப்ட் இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பெயர் சொல்லிக் கேட்டுப் போடப்பட்டவை ஒரு வகை, அவற்றின் தேவைக்காகத் தானாக வந்தவை இன்னொரு வகை. அழைக்கப்பட்டவர் எழுந்து போய்விட்டால், அவரோடு வந்தவர்களை வேறு யாரும் நாடாதபோது, இவர்கள் இனித் தேவையில்லை என்று ஆப்ட் சொல்லும். ஆட்டோரிமூவ் அவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில பொட்டலங்களுக்குள் ஒன்றுமே இருக்காது, வெறும் பட்டியல்தான். ஒரு முழு மேசைத்தளச் சூழலுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான பொட்டலங்களைச் சார்பு என்று குறிப்பிட்டுவிட்டு, தான் காலியாக இருக்கும் பொட்டலம். ஊருக்கே பொதுவாக அடித்த அழைப்பிதழ் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள ஒன்றை மட்டும், ஒரு விளையாட்டு நிரலையோ வேண்டாத ஒரு மெயில் நிரலையோ, எடுக்கப் போனால் பட்டியல் பொய்யாகிவிடுகிறது. அதனால் அழைப்பிதழே கிழிபடுகிறது. அதன் பேரில் வந்தவர்கள் அத்தனை பேரும் அழையா விருந்தாளிகளாகிவிடலாம். அடுத்த ஆட்டோரிமூவில் யார் யார் எழுப்பப்படுகிறார்கள் என்று பார்க்காமல் என்டர் தட்டினால் மறுநாள் காலை திரையில் ஜன்னல் இல்லை, ஐகான் இல்லை. கருப்புத் திரையும் ஒரு வெள்ளைக் கோடும்தான். பைத்தான் மொழி கற்கும் மாணவர் புதிய பதிப்பு வேண்டும் என்பதற்காக, இயந்திரத்தோடு வந்த பழைய பைத்தானை நீக்குவது இதே ரகத்தில் மிகப் பிரபலமான தற்கொலை. இயங்குதளத்தின் பல கருவிகள் அந்தப் பைத்தானின் மேல்தான் நிற்கின்றன.

கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதல்ல இது. 2021 நவம்பரில் கனடாவின் பிரபல யூட்யூப் தொழில்நுட்பக்காரர் லைனஸ் செபாஸ்டியன், லினக்ஸில் விளையாட முடியுமா என்று சோதிக்க பாப் ஓஎஸ் என்ற தொகுப்பில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடை நிரலைப் போட முயன்றார். அந்த நேரத்தில் பொட்டலத்தின் சார்புகளில் ஒரு முரண் இருந்தது. ஸ்டீமைப் போட வேண்டுமானால் மேசைத்தளத்தையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. மறைக்கவில்லை, நீக்கப்போகும் பட்டியலைக் காட்டி, இது ஆபத்து என்று எச்சரித்து, சாதாரண ஒய் போதாது, ஆமாம் நான் சொல்வதைச் செய் என்று முழு வாக்கியமாகத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். மேசைத்தளம் போய்விட்டது. லட்சக்கணக்கானோர் அந்த வீடியோவைப் பார்த்தார்கள். பிழை யாருடையது என்று பெரிய விவாதம் நடந்தது. அப்படி ஒரு பொட்டலத்தை வெளியே விட்டது தொகுப்பாளர்கள் தவறு என்பதில் சந்தேகமில்லை. ஒரு சாதாரண விளையாட்டு நிரலுக்காக வந்தவர் முன் இயந்திரத்தின் உயிரையே ஒரு வாக்கியத்தில் வைத்தது வடிவமைப்பின் தவறு. ஆப்டின் ஆசிரியர்கள் விரைவிலேயே அந்த வாசலை இறுக்கினார்கள். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13ல் உள்ள ஆப்ட் 3.0, வரப்போவதைப் பச்சையிலும் போகப்போவதைச் சிவப்பிலும் காட்டுகிறது.

சிவப்பையும் பார்க்காதவர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. கட்டளையோடு மைனஸ் எஸ் சேர்த்தால் ஆப்ட் ஒன்றையும் தொடாமல், செய்தால் என்ன ஆகும் என்று ஒத்திகை பார்த்துக் காட்டும். காரியம் கெட்ட பின் என்றால், வார்-லாக்-ஆப்ட் அடைவில் ஹிஸ்டரி டாட் லாக் என்ற கோப்பு இருக்கிறது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளையால், எவை வந்தன, எவை போயின என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கும். போனவற்றின் பெயர்களைப் பார்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் இருப்பவர்களுக்கு டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ என்று ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பவே வழி இருக்கிறது.

ஆனால் இன்றைய பெங்களூரில் பெரும்பாலான பொட்டலங்களை மனிதர்கள் போடுவதில்லை. சர்வர்கள் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்து அனுப்பினால், எங்கோ ஓர் இயந்திரம் புதிதாகப் பிறந்து, வேண்டிய பொட்டலங்களை இறக்கி, சோதனைகளை ஓட்டி, மடிந்துவிடுகிறது. அங்கே கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை என்பதால் கட்டளையிலேயே மைனஸ் ஒய் என்று எழுதிவைக்கிறார்கள். கேட்கப் போகும் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆம்.

இப்படிப் பழகிய உலகத்துக்கு 2016 மார்ச் 22 அன்று ஓர் அதிர்ச்சி கிடைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் பொட்டலக் கிடங்கான என்பிஎம்மில், ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்பதில் வந்த தகராறில் கோபம் கொண்ட அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர், தான் எழுதியிருந்த பொட்டலங்கள் அனைத்தையும், 250க்கும் மேற்பட்டவற்றை, கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். பதினொரே வரி. ஓர் எழுத்துத் தொடரின் இடது பக்கத்தில் தேவையான அளவு இடைவெளி சேர்ப்பது அதன் ஒரே வேலை. அதைச் சார்ந்து ஒரு பொட்டலம், அதைச் சார்ந்து இன்னொன்று என்று போய், உலகெங்கும் பெரிய நிறுவனங்களின் கட்டுமானங்கள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை ஆசிரியரின் விருப்பத்தையும் மீறித் திரும்ப வைத்தது. பின்னர் எடுக்கும் விதியையும் இறுக்கியது. பயனாளர் எடுப்பதைப் பற்றி மட்டும் யோசித்திருந்தவர்கள், கட்டியவரே எடுத்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் யோசித்தார்கள்.

கட்டியவர் எடுப்பது ஒரு வகை ஆபத்து. கட்டியவர் களைத்துப் போவது அதைவிடப் பெரிது. எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் இயந்திரங்களிலும் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாகத் தனி ஆளாகப் பராமரித்து வந்தவர் ஃபின்லாந்தின் லாஸ்ஸே காலின், சம்பளமில்லாமல். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பினார், நம்பிக்கை பெற்றார், பொறுப்பில் பங்கு பெற்றார். 2024ன் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், வெளியிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய ஒரு திருட்டு வாசல் வைத்திருந்தார். டெபியனின் சோதனைப் பதிப்பு, ஃபெடோராவின் சோதனைப் பதிப்பு வரை அது வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து இயந்திரத்தில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் ஆகிறதே என்று குடைந்து பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். நிலையான பதிப்புகள் தப்பின. கையொப்பம் சரிபார்க்கும் ஏற்பாடு இதில் ஒன்றும் செய்திருக்க முடியாது. பொட்டலத்தைக் கட்டிய இடம் சரிதான், உள்ளே போன சரக்கில்தான் நஞ்சு.

கையொப்பம்கூட வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இன்டர்நெட்டிலிருந்து ஒரு நிரலை இறக்கி அப்படியே சூடோவிடம் கொடுக்கும் ஒற்றை வரிக் கட்டளைகளை இன்று பல நிறுவனங்களே தங்கள் கையேட்டில் தருகின்றன. சூடோ என்பது இயந்திரத்தின் முழு அதிகாரம். கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் கொல்லை வழியாக வந்த இந்தச் சரக்குக்குப் பேரேட்டில் பதிவு இல்லை. பின்னால் எடுக்க நினைத்தால் மறுபடி 1993க்கு முந்தைய நிலைதான்.

பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் நிறைந்த பெங்களூரில், கட்டுபவர்கள் எங்கே என்ற கேள்வியை முதலில் உரக்கக் கேட்டவர்களில் அதுல் சிட்னிஸும் ஒருவர். 2001ல் அவரும் நண்பர்களும் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடு, 2005ல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறியது. உரையைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போகும் கூட்டத்தில் அவருக்கு நாட்டமில்லை. பிந்தைய ஆண்டு மாநாடுகளில் உரைகளைக் குறைத்து, உட்கார்ந்து நிரல் எழுதும் அமர்வுகளைப் புகுத்தினார்கள். எடுத்துக்கொள்கிறோம், திருப்பிக் கொடுப்பதில்லை என்பதுதான் அவருடைய நெடுநாள் குறை. மாநாடு 2012ல் கடைசியாக நடந்தது. 2013ல் அவர் காலமானார்.

அதன் பிறகு எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. டெபியனின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் முதல் முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு, வந்தது. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, 2024 அக்டோபரில் திறந்த மூல நிரல்களுக்கென ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியை அறிவித்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர், உலகில் எங்கிருந்து வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். இந்த நகரம் பொட்டலங்களின் மேல் சம்பாதித்ததோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனாலும் கணக்கில் வரவு பக்கம் மட்டுமே எழுதி வந்த ஊரில் செலவுப் பக்கத்தில் விழுந்த பதிவு.

பணத்தைவிட ஆள்தான் பற்றாக்குறை. 1996ல் டெபியன் 1.1ல் இருந்த பொட்டலங்கள் 474. டெபியன் 13ல் 69,830. இவற்றை டெபியனுக்காகக் கட்டிக் காப்பவர்களில் பொறுப்பாளர் தகுதி பெற்றவர்கள் சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் தன்னார்வத்தில். ஒருவருக்கு வேலை மாறுகிறது, குழந்தை பிறக்கிறது, உடல்நிலை கெடுகிறது, அல்லது சலித்துவிடுகிறது. அவர் விலகினால் அந்தப் பொட்டலத்தை அநாதை என்றே டெபியன் அறிவிக்கிறது. யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் அதற்குத் தத்து என்று பெயர். யாரும் வராமல், பழுதும் சேர்ந்துகொண்டே போனால், ஒரு நாள் கிடங்கிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். அதுவும் ஒரு ரிமூவ்தான். எந்தப் பயனாளரும் என்டர் தட்டாமல் நடப்பது.

இதற்கும் ஒரு பொட்டலம் இருக்கிறது. ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப், நான் எப்படி உதவலாம் என்று பெயர். டெபியன் இயந்திரத்தில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டி அதைப் போட்டுவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு முறை வேறு எதைப் போட்டாலும் எடுத்தாலும், வேலை முடிந்ததும் திரையின் கடைசியில் சில வரிகள் வரும். இந்த இயந்திரத்தில் உள்ளவற்றில் எவை அநாதையாகிவிட்டன, எவை கிடங்கிலிருந்து நீக்கப்படும் நிலையில் இருக்கின்றன, எவற்றில் புதியவர் ஒருவர் திருத்தக்கூடிய சிறு பழுதுகள் இருக்கின்றன என்று பெயர் பெயராகச் சொல்லும். அந்த வரிகளுக்குக் கீழே ஒய், என் என்ற கேள்வி எதுவும் வருவதில்லை.